மீமுக்குத் தடையும் இல்லை, லிங்க்குக்கு வரியும் இல்லை

"ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமைச் சட்டப்படி இனி மீம் போட்டாலே குற்றம், லிங்க் கொடுத்தாலே வரி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. 2019இல் நிறைவேறிய வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். 15ஆவது பிரிவு, பத்திரிகைச் செய்திகளை இணைய நிறுவனங்கள் எடுத்தாள்வதைப் பற்றியது. லிங்க்கையும் ஓரிரு சொற்களையும் விலக்கியே வைத்திருக்கிறது. 17ஆவது பிரிவு (வரைவில் 13 என்ற எண்ணோடு ஊரெல்லாம் திட்டு வாங்கியது இதுதான்) பகடி, கேலிச்சித்திரம், விமர்சனம், மேற்கோள் ஆகியவற்றை அனுமதிக்கச் சொல்கிறது. பயனர்கள் ஏற்றும் பதிவுகளில் உரிமை மீறல் இருந்தால் அதற்கான பொறுப்பைப் புதிதாகச் சுமத்தியது பெரிய பகிர்வுத் தளங்களின் தலையில்தான். விக்கிப்பீடியா போன்ற லாப நோக்கற்ற கலைக்களஞ்சியங்களுக்கு விலக்கு உண்டு.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்லவில்லை. பொறுப்புக்குப் பயந்து தளங்கள், ஏற்றும் பதிவுகளைத் தானாகவே சோதித்துத் தடுக்கும் இயந்திர வடிகட்டியை நம்பும். அதற்குப் பகடி புரியாது, மெட்டு மட்டும்தான் தெரியும். என் தங்கை மகள் வீணையில் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை ஒரு தளத்தில் ஏற்றினோம். அரை மணி நேரத்தில், ஏதோ ஓர் ஆல்பத்தின் பெயரைச் சொல்லி உரிமைக் கோரிக்கை வந்து ஒலி அடங்கிவிட்டது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர்! மறுப்பு எழுதி மீட்க மூன்று வாரம் ஆயிற்று.

17ஆவது பிரிவை எதிர்த்துப் போலந்து தொடுத்த வழக்கை 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது உண்மை. ஆனால் சட்டப்படியான பதிவையும் சட்டவிரோதமானதையும் சரிவரப் பிரித்தறியாத வடிகட்டி கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. திட்டுவதானால் அந்த வடிகட்டியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.