பார்க்கின்சன் நோயும் வட்ஸ்அப் செய்தியும்

"தோலிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லால் பார்க்கின்சன் நோய் குணமாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்" என மட்டக்களப்பு, கல்முனை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. எடுக்கப்படுபவை சாதாரணத் தோல் கலங்களே. ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டிய முறைப்படி அவை ஸ்டெம் செல்களாக, அதாவது வேறு எவ்வகைக் கலமாகவும் மாறக்கூடிய கலங்களாக ஆக்கப்பட்டு, பின்னர் உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும், இந்நோயில் அழியும் நரம்புக் கலங்களாக ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்க்கப்படுகின்றன. உயிரோடிருப்பவரின் மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாதல்லவா? அதற்காகவே இந்த வழி. எஸ்என்சிஏ என்னும் மரபணு ஒரு நிறமூர்த்தத்தில் மும்மடங்காகி, வழமையான இரண்டுக்குப் பதில் நான்கு பிரதிகள் கொண்ட பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் தோலிலிருந்து இவ்வாறு வளர்த்த நரம்புக் கலங்களில், அம்மரபணு உருவாக்குவதும் இந்நோயில் மூளைக் கலங்களில் தேங்குவதுமான அல்பா-சினியூக்ளின் புரதம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது 2011இல் தெரியவந்தது. இது நோயின் காரணத்தைத் தேடும் ஆய்வு, சிகிச்சையன்று. கலங்களை மூளையில் பதிக்கும் பரிசோதனைகள் வேறு. அவற்றிலும் முற்றான குணம் நிரூபிக்கப்படவில்லை. இந்நோய்க்குக் கொடுக்கப்படும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சலும் நினைவுக் குழப்பமும் உண்டாகி உயிராபத்தே நேரலாம் என்பதால், கிளினிக் வைத்தியரைக் கேளாமல் எவரும் அதனை நிறுத்தக்கூடாது.