காத்திருக்க வைத்தது குற்றமா?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் முழுதாகப் பார்த்தேன். ஷென்மூ என்ற பழைய வீடியோ கேமை எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தின் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) வேகத்தைக் கூட்டி ஆடிவிட்டு, "இதில் எதுவுமே நடக்கவில்லை" என்று அந்தத் தம்பி தீர்ப்பு எழுதிவிட்டார். கீழே சிரிப்புக் குறிகள் குவிந்து கிடக்கின்றன. எனக்கு இரவெல்லாம் மனம் ஆறவில்லை.

காத்திருக்க வைப்பதுதான் அந்த விளையாட்டு. அதை ஓட்டித் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

1999 டிசம்பரில் செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் என்ற வீட்டு விளையாட்டு இயந்திரத்துக்காக இதைக் கொண்டுவந்தவர் யூ சுசுகி. ஹாங்-ஆன், அவுட் ரன் என்று காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் வேகத்துக்கே பெயர் வாங்கிய மனிதர். அவர்தான் தெரிந்தே வேகத்தைக் குறைத்தார். கதை 1986இல், ஜப்பானின் யோகோசுகாவில் நடக்கிறது. கண்ணெதிரே தந்தையைப் பறிகொடுத்த ரியோ என்ற இளைஞன், கொன்றவனைத் தேடி அலைகிறான். கடை மூடிவிட்டால் மூடியதுதான். மறுநாள் வர வேண்டும். இரவில்தான் திறக்கும் மதுக்கடைக்குப் போக வேண்டுமென்றால் அதுவரை தெருவில் சுற்ற வேண்டும். தெருவில் நடமாடுகிறவர்களுக்கும் வேலை உண்டு, வீடு உண்டு, வீடு திரும்பும் நேரம் உண்டு. அந்த ஊரின் 1986ஆம் ஆண்டு வானிலைப் பதிவுகளைக்கூட உள்ளே வைத்திருந்தார்கள். 1999இல் வேறு யார் இப்படி யோசித்தார்கள்?

"நன்றாக இருந்தால் ஏன் விற்கவில்லை?" என்று கேட்பீர்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் உருவாக்கிய செலவு வரவுக்கும் மேலே போய்விட்டது. டிரீம்காஸ்டே 2001இல் நின்றுபோனது. இயந்திரம் நின்றதற்கு ரியோ என்ன செய்வான்? "அதே 2001இல், நகரம் முழுக்கச் சுற்றித் திரியும் இன்னொரு விளையாட்டான ஜிடிஏ 3 வந்து சாதித்ததே" என்பார்கள். சாதித்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நகரம் நமக்காகக் காத்திருக்கிறது. இங்கே நகரத்துக்காக நாம் காத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆங்கில வடிவத்தில் பாத்திரங்களுக்குப் பேசிய குரல்கள் மோசம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருந்தும், 2025இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது அமைப்பு நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பில் விளையாட்டு உலகை மிக அதிகம் பாதித்தது எது என்று கேட்டபோது முதலில் வந்தது ஷென்மூதான். ஆனால் உங்கள் தரப்பிலிருந்து அதற்கும் ஒரு பதில் வரும், தெரியும்.

காணொளியில் அந்தத் தம்பி அதிகம் சிரித்த இடம் துறைமுகப் பகுதி. ரியோ அங்கே ஃபோர்க்லிஃப்ட் (சுமைகளைத் தூக்கி நகர்த்தும் வண்டி) ஓட்டும் வேலையில் சேர்கிறான். நாள்தோறும் பெட்டிகளை ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றுகிறான், நடுவில் மதிய இடைவேளை, மாலையில் கூலி. "பழிவாங்கப் போகிறவன் பெட்டி சுமக்கிறான்" என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

என் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் 22 ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். 2003இல், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய டிரீம்காஸ்டில் நான் இதை ஆடிக்கொண்டிருந்தேன். அதுவரை என் விளையாட்டை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று வேலை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றிக் கொடியில் போடப் போனவர், கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். "சுமையோடு இந்த வேகத்தில் திருப்பாதே, சரிந்துவிடும்" என்றார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்கூட்டியே வழி சொன்னார். "இவனுக்குச் சாப்பாட்டு நேரம் விடுகிறார்களா?" என்று கேட்டார். விடுகிறார்கள் என்றதும் தலையசைத்துக்கொண்டார்.

தன் வேலையைத் திரையில் பார்த்து அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கதைக்கு அந்த வேலை அவசியமா என்று வாதம் செய்ய நான் தயார். ஆனால் பெட்டி சுமப்பதே சிரிப்புக்குரியது என்று சொன்னால் என்னிடம் வாதம் இல்லை, கோபம்தான் இருக்கிறது. அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காணொளியில் அந்தத் துறைமுக நாளை இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். அன்று ரியோவின் வேலை நேரம் முடியும்வரை அப்பா தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.