பாதியில் நின்ற ‘அந்த நாள்’

சிவாஜி பிறந்தநாளுக்காக ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் போட்ட ‘அந்த நாள்’ படத்தை, புரொஜெக்டர் வயரைப் பிடுங்கிப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். ஆனால் வாட்ஸ்அப்பில் பேச்சு அடங்குவதாக இல்லை. அன்றைக்கு மண்டபத்துப் பக்கமே வராதவர்கள்கூட முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதுகிறார்கள். சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் எழுந்தது, யார் வயரைப் பிடுங்கியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். சிவாஜி கெட்டவராக நடித்த படங்களை மறைத்து வைத்தால் சிவாஜியில் பாதியை மறைக்கிறோம்.

‘நடிகர் திலகம் பிறந்தநாளுக்கு அவர் நாட்டைக் காட்டிக்கொடுக்கிற படமாவே கிடைச்சது?’ என்று அந்த அண்ணாச்சி கேட்டார். இந்தப் படம்தான் கிடைத்தது என்பதில்லை, இதைத்தான் தேடி எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். அதில் எனக்கு ஒளிவுமறைவு கிடையாது.

1954-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் ‘மனோகரா’ வருகிறது. சங்கிலியோடு தர்பாரில் நின்று அவர் பேசிய பேச்சை ஊரே மனப்பாடம் செய்கிறது. அடுத்து ஏப்ரலில், சித்திரை முதல் நாளை ஒட்டி, ‘அந்த நாள்’ வருகிறது. படம் தொடங்கும்போதே அவர் சுடப்பட்டு விழுகிறார். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. விழுந்தவன் எப்படிப்பட்டவன் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொரு கதையிலும் அவன் இன்னும் கொஞ்சம் மோசமாகிக்கொண்டே போகிறான். அப்போது சிவாஜிக்கு இருபத்தைந்து வயது. ‘பராசக்தி’ வந்து முழுதாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாடே தூக்கி வைத்துக் கொண்டாடும் நேரத்தில், ஒண்ணரை மாத இடைவெளியில், இப்படி ஒரு ஆளாக வந்து நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? அந்த நெஞ்சுரத்தைத்தான் நான் அன்றைக்குக் காட்ட நினைத்தேன்.

இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர். ஊரறிந்த ஒரு வீணைக் கலைஞர் தமிழில் பாட்டே இல்லாத முதல் படத்தை எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வெளிவந்த நேரத்தில் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, பாட்டு எங்கே என்று கோபப்பட்டார்கள். பிறகுதான் தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. கதை நடப்பது 1943-இல், ஜப்பான்காரன் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட சமயத்தில். ரேடியோ இன்ஜினியர் ராஜனாக சிவாஜி. அவரிடம் நாம் எதிர்பார்க்கும் கர்ஜனை இந்தப் படத்தில் இல்லை. பெரும்பாலும் தணிந்த குரலில், சிரித்த முகமாகப் பேசுவார். பண்டரிபாயிடம் அன்பாகப் பேசிக்கொண்டே இருப்பார், கண் மட்டும் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். சிவாஜி என்றால் மிகை நடிப்பு என்று சொல்கிறவர்களின் வாயை அடைக்க இந்த ஒரு படம் போதும். அந்தப் படத்தைப் போய் சிவாஜி ரசிகர்களே நிறுத்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வயரைப் பிடுங்கியதும் திரையில் வெறும் நீலம். அதன் மேல் புரொஜெக்டரின் பெயர் மட்டும் இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் பேசவில்லை. சமையல்கட்டில் சுண்டலுக்குத் தாளிக்கிற வாசனை வந்தது. எழுந்து போய் வயரைத் திரும்பச் சொருகுவோமா என்று நினைத்தேன், கால் எழவில்லை.

‘நீ எம்.ஜி.ஆர். ஆளுவே’ என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். என் அப்பாவைத் தெரியாதவர் போலிருக்கிறது. அப்பா ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். எங்கள் வீட்டுச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் சிவாஜி படம் இருந்தது. கோவில்பட்டிக்கு எப்போது பஸ்ஸில் போனாலும் அப்பாவுக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும். கயத்தாறு நெருங்கியதும், ஓடுகிற பஸ்ஸிலேயே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர் அது. அங்கே தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி சிலை வைத்தவர் சிவாஜி. அப்பா கும்பிட்டது கட்டபொம்மனையா, சிலை வைத்தவரையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த மனுஷன் பெற்ற பிள்ளை நான். என்னிடம் வந்து சிவாஜி பக்தியை அளந்து பார்க்க வேண்டாம்.

ஆனால் அப்பா எனக்குச் சொல்லித் தராத சிவாஜியும் உண்டு. அந்த சிவாஜியைச் சொல்லித் தந்தது அப்பாவைப் பெற்ற ஆச்சி.

‘ரங்கோன் ராதா’. 1956. அண்ணாவின் நாவல், கருணாநிதி வசனம், காசிலிங்கம் இயக்கம். பானுமதி மனைவி, சிவாஜி கணவர். மனைவியின் தங்கையை அடைவதற்காக, மனைவிக்குப் பைத்தியம் என்று ஊரையே நம்பவைக்கிற கணவர். ஒரு பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் புத்தியையே அவள் சந்தேகப்படும்படி செய்வது எப்படி என்று அந்தப் படத்தில் பார்க்கலாம். சிவாஜி அதைச் செய்கிறபோது வில்லன் சிரிப்பெல்லாம் சிரிக்க மாட்டார். மரியாதையான வீட்டுக்காரராக, ஊர்ப் பெரிய மனுஷனாகவே செய்வார். பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசையும்.

ஆச்சி அதைக் கொட்டகையில் பார்த்தாள். எங்கள் தெருவில் அப்போது ஒரு பெண் இருந்தாளாம். எல்லோரும் ‘கோட்டி’, அதாவது பைத்தியம், என்பார்களாம், பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு முன்வீட்டில் இருந்தான், இவளுக்குத் தொழுவத்துப் பக்கம் ஒரு சாய்ப்பு. பிள்ளைகள் கல்லெறிவார்களாம், ஆச்சியும் விரட்டியிருக்கிறாள். படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி ஆச்சி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஒரு செம்புக் கஞ்சியும் ரெண்டு வெங்காயமும் எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாய்ப்பு வாசலில் உட்கார்ந்து, ‘ஒம் பேரு என்னட்டீ?’ என்று கேட்டிருக்கிறாள். அவளும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கிருந்து எங்கள் வீட்டில் யாரும் ‘கோட்டி’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது யாரையோ அப்படித் திட்டிவிட்டு ஆச்சி கையால் வாங்கிய அடி இன்றைக்கும் நினைவிருக்கிறது. ‘கோட்டி புடிச்சது அவளுக்கால, கட்டுனவனுக்கா?’ என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அதற்குள் ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சிவாஜி நல்லவராக நடித்திருந்தால் ஆச்சி அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு போயிருப்பாளா? அவளுக்குப் பிடித்த மூஞ்சி, அவள் கொண்டாடிய மூஞ்சி, அந்த அநியாயத்தைச் செய்ததைப் பார்த்ததால்தான் அவளுக்குச் சுட்டது. நம்பியார் செய்திருந்தால் திட்டிவிட்டு வந்து படுத்திருப்பாள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தப் படங்கள் அவருக்குக் களங்கம் என்றால், அவர் நடிப்பு என்றைக்கு நமக்குப் புரிந்தது?

‘அதெல்லாம் கட்சிப் படம், அவரே அந்தக் கட்சியை விட்டு வந்துவிட்டார்’ என்பது இன்னொரு வாதம். தி.மு.க.வை விட்டு வந்துவிட்டார்தான். அவர் திருப்பதிக்குப் போனதற்கு, ‘திருப்பதி கணேசா திரும்பிப் பார்’ என்று எழுதியே அவர் மனதைப் புண்படுத்தினார்கள். அவர் நடித்த படத்தின் பெயரை வைத்தே அவரை அடித்தார்கள். அதனால் அந்தப் படங்களையும் நாம் கைகழுவிவிட வேண்டுமா? அவர் உழைத்த உழைப்பு யாருடையது? கட்சி எழுதித் தந்திருக்கலாம், வேர்வை அவர் வேர்வை.

அந்தத் ‘திரும்பிப் பார்’ படத்தையும் சொல்லிவிடுகிறேன். 1953, மாடர்ன் தியேட்டர்ஸ். பெண்களைத் தேடித் தேடிக் கெடுக்கிற ஒருவன். கடைசியில் அவனைத் திருத்துவதற்கு அவன் அக்கா, பண்டரிபாய், எந்த எல்லைக்குப் போகிறாள் என்பது இன்றைக்குப் பார்த்தாலும் தூக்கிவாரிப் போடும். ஒரு ஆண் திருந்த ஒரு பெண் தன்னையே பணயம் வைக்க வேண்டும் என்கிற அந்த முடிவில் எனக்குச் சம்மதம் இல்லை, நல்ல படம் என்று முழு மனதோடு சொல்லவும் முடியாது. ஆனாலும் பாருங்கள். அக்கா பேசுகிறபோது சிவாஜியின் முகத்தை மட்டும் பாருங்கள்.

‘கூண்டுக்கிளி’யைப் பற்றி நான் சொன்னால் சண்டைதான் வரும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம், அதுவும் 1954-தான். ராமண்ணா இயக்கம், விந்தன் எழுத்து. ஜெயிலுக்குப் போன நண்பனின் மனைவி மேல் ஆசை வைத்து அல்லாடுகிற ஆள் சிவாஜி. யாருக்கு எத்தனை சீன் என்று எண்ணுகிற சண்டையிலேயே அந்தப் படம் புதைந்துவிட்டது. வெட்கமும் ஆசையும் ஒரே ஆளுக்குள் மல்லுக்கட்டுவதை அவ்வளவு சின்ன வயதில் ஒருத்தர் நடித்துக் காட்டியிருக்கிறார், அதைப் பார்க்க ஆள் இல்லை.

பிறந்தநாள் அன்றைக்குப் போட்டிருக்க வேண்டாம் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எழுபது எண்பது வயதில், வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப்பையில் அவர் படம் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே இது எப்படிப்பட்ட படம் என்று நான் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் தப்பு. ஆனால் ‘சின்னப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், அவர்கள் மனதில் என்ன பதியும்’ என்றார்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பிள்ளைகள்தான் படம் நின்றதும் ‘யார் சுட்டா, யார் சுட்டா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. படத்தை நிறுத்தினார்கள், சரி. என்னைத் திட்டினார்கள், அதுவும் சரி. ஆனால் படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் ‘எட்டப்பன் சோலியப் பாக்காதவே’ என்றது. ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

என் அம்மா பிறந்த ஊர் எட்டயபுரம், கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் எட்டப்பன் ஆண்ட ஊர். அந்தக் குரல்காரருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் எனக்குத் தெரியுமே. அம்மா கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து, எந்த ஊர் என்று யார் கேட்டாலும் ‘கோவில்பட்டிப் பக்கம்’ என்றுதான் சொல்வாள். பாரதி பிறந்த ஊரில் பிறந்தவள் அந்த ஊர்ப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பையன்கள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதை வீட்டில் வந்து அழுதுகொண்டே சொன்னபோது, அம்மா அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடியே அசையாமல் நின்றாள். 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. அதற்கு முன்பும் அந்தப் பேச்சு இருந்திருக்கும். படம் வந்த பிறகு அது ஊர் ஊராகப் பரவி, துரோகம் என்பதற்கே இன்னொரு பேர் ஆகிவிட்டது. அந்தப் படத்துக்காக சிவாஜிக்குக் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். அப்பா அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. அம்மா ஒரு தடவைகூட அவரோடு போனதில்லை. போக மாட்டேன் என்றும் சொன்னதில்லை, தலைவலிக்கிறது என்பாள்.

அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி நான் எங்கேயாவது எழுந்து நின்றிருக்கிறேனா? நிற்க மாட்டேன். போன வருஷம் இதே மண்டபத்தில் அதைப் போட்டபோது நானும்தான் உட்கார்ந்து பார்த்தேன், கண்ணீர் விட்டேன். என் அம்மாவுக்கு வலித்த படத்தை நான் உட்கார்ந்து பார்த்தேன். உங்களுக்கு வலிக்கிற படத்தை நீங்கள் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? அவ்வளவுதான் நான் கேட்டது.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் சொல்லவில்லை, தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, ‘என்ன படம்ல அது?’ என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். ‘சிவாசியா காட்டிக்குடுக்கான்?’ என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘எனக்கு அதப் போட்டுக் காட்டு’ என்றாள்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ‘அந்த நாள்’ முழுதாக ஓடும். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ரெண்டு பேர் ஏற்கெனவே போன் பண்ணிவிட்டார்கள். வயரைப் பிடுங்கிய அண்ணாச்சிக்கும் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாடிப்படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது, வயதானவர்களை யாராவது கூட்டிக்கொண்டு வாருங்கள். பாய் இருக்கிறது. யார் சுட்டது என்று தெரிந்தவர்கள் மற்றவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடாதீர்கள், அம்மாவிடம் முக்கியமாக.