ஒரே பக்க எண் திருமணத்துக்குச் சான்றாகாது

இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவுகளைத் தேட உதவும் பெயர் அட்டவணையில் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரே தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருந்தால் அவர்கள் தம்பதியரே, சான்றிதழ் வாங்குவது வீண்செலவு என்று சிலர் கூறுவது சரியன்று. 1837 ஜூலையில் தொடங்கிய அந்தப் பதிவுகளில் ஒரு பக்கத்துக்குப் பொதுவாக இரண்டு திருமணங்கள், தொடக்க ஆண்டுகளில் நான்கு வரைகூட, இடம்பெற்றன; ஆகவே ஒரே பக்கத்தில் ஜான், வில்லியம், மேரி, எலிசபெத் ஆகிய நால்வர் இருந்தால், ஜான் மணந்தது மேரியையா எலிசபெத்தையா என்பதை அட்டவணையைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. துணைவரின் குடும்பப் பெயர் அதில் சேர்க்கப்பட்டதே 1912 மார்ச் காலாண்டிலிருந்துதான் (ஜனவரி முதல் மார்ச் வரை).

அதற்கு முந்தைய திருமணமாயின், அத்தம்பதியருடையது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு குழந்தையின் பிறப்புப் பதிவை முதலில் தேடுவதே நல்லது. இப்பதிவுகளைப் பேணும் பொதுப் பதிவு அலுவலகத்தின் (General Register Office) இணையப் பிறப்பு அட்டவணையில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் 1837 முதலே தரப்பட்டிருப்பதால், அதை அந்தப் பக்கத்திலுள்ள பெண்களின் பெயர்களோடு ஒப்பிடலாம். அட்டவணையின் காலாண்டு, குழந்தை பிறந்த நாளையன்றி, பதிவான நாளைக் குறிப்பது. பதிவுசெய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்தவர் அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கக்கூடும். (இதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை வேறொருவரின் சான்றிதழுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.) பெயர்கள் பொருந்திய பிறகும் திருமணச் சான்றிதழை வாங்கத்தான் வேண்டும்; ஏனெனில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் அட்டவணையில் கிடையாது, சான்றிதழில்தான் உண்டு.