சம்படத்தில் நாலு சீட்டு

நண்பர்களோடு ரயிலில் நாலைந்து நாடு சுற்றக் கிளம்புகிற எல்லோரிடமும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் பணத்தைப் பேசிவிடுங்கள். கூட்டத்தில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவருடைய தொகைதான் எல்லோருக்கும் தொகை என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் எந்த ஊர், எந்த ரயில் என்று தொடங்குங்கள். ஒரு நண்பனை நோகடித்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

நாங்கள் நாலு பேர், காரைக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள். கண்டனூர்க்காரன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். தேவகோட்டைக்காரன் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறான். நான் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். நாலாவது நண்பனுக்கு ஆத்தங்குடி, பூவேலைத் தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை. அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். அடைமழை பிடித்தால் வேலை முடங்கும், அந்த வாரம் கையில் காசு இருக்காது.

2024-இல் ஐரோப்பா போவதென்று பேசினோம். யூரெயில் பாஸ் எடுத்தால் ஒரே சீட்டில் 33 நாட்டு ரயில்களில் ஏறலாம் என்று கண்டனூர்க்காரன் அனுப்பிய படத்தைப் பார்த்து எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. பாரிஸ், மிலான், வியன்னா, ப்ராக் என்று பட்டியல் நீண்டது. போகப் போகத்தான் உள்விவரம் தெரிந்தது. பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இரவு ரயிலில் படுக்கைக்கும் தனிக் காசு. அந்த ஜூன் மாதம்தான், ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணத்தை 90 யூரோ ஆக்கியிருந்தார்கள். விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஒவ்வொரு தடவை தொகை ஏறும்போதும் நாங்கள் மூன்று பேரும் "பாத்துக்கலாம் மாப்ள" என்று எழுதினோம். ஆத்தங்குடி நண்பன் கட்டைவிரல் படம் மட்டும் போட்டான். அப்புறம் அதுவும் நின்றது. ஜூலையில் ஒருநாள், "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, நீங்க போய்ட்டு வாங்கடா" என்று எழுதிவிட்டான்.

ஒரு மாதம் கழித்து, உறவினர் வீட்டு முகப்புக்குக் கல் பார்க்க அவன் பட்டறைக்குப் போனேன். அவன் அப்பா வாசலில் உட்கார்ந்து அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, எப்ப வெளிநாடு?" என்று கேட்டார். நல்ல திடமாக இருந்தார். நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தவன், பஸ் வரும் நேரத்தில் சொன்னான்: "காசு இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரலடா. நீங்க கேக்கவும் இல்ல."

நீங்க கேக்கவும் இல்ல. அந்தச் சொல் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

இதைக் கேட்டதும் கண்டனூர்க்காரன், "நாம மேல போட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அது தப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவன் செலவை மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து அவனுக்கு அந்தப் பயணத்தில் வாய் கிடையாது. இந்த ஹோட்டல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கால் வலிக்கிறது, ஒரு டாக்ஸி எடுப்போம் என்றும் சொல்ல முடியாது. பன்னிரண்டு நாள் விருந்தாளியாக இருப்பதற்கு எந்த நண்பன் வருவான்?

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் செலவென்றால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். பெரிய வீட்டுக்காரருக்கும் ஒரு புள்ளி, கடையில் பெட்டியடியில் உட்காருபவருக்கும் ஒரு புள்ளி. எல்லோருக்கும் சமமான தொகை என்றால் அதை எல்லோராலும் கட்ட முடிய வேண்டும். அது முடியாத இடத்தில் சமபங்கு நியாயமாகாது. நாங்கள் பங்கை மட்டும் சமமாகப் போட்டோம். கட்ட முடியுமா என்று யாரையும் கேட்கவில்லை.

அதனால் அடுத்த பயணப் பேச்சை எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டாலை என்போம், அங்கே வைத்தோம். அப்பத்தாவின் பித்தளைச் சம்படத்தை நடுவில் வைத்தேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. வீட்டு வாசலில் கிளம்பி வீட்டு வாசலுக்குத் திரும்புகிற வரைக்கும், கடன் வாங்காமல் மனசுக்குச் சங்கடம் இல்லாமல் செலவழிக்க முடிகிற தொகையை எண்ணில் மட்டும் எழுத வேண்டும். பேர் கூடாது. கையெழுத்துத் தெரியாமல் இருக்க நாலு பேரும் ஒரே பேனாவில் பெரிய எண்களாக எழுதினோம். பிரித்தபோது 1,00,000, 90,000, 80,000, 55,000 என்று இருந்தது. தொகை 55,000. யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான், கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

தொகை முடிவானதும் வழி தானாகத் தெளிந்தது, இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஐரோப்பா பட்டியலிலிருந்து அன்றே போய்விட்டது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ரயிலிலேயே பினாங்கு, பாங்காக், அப்புறம் லாவோஸில் வியந்தியான், லுவாங் பிரபாங். திரும்பப் பாங்காக் வந்து சென்னைக்கு விமானம். மூன்று நாடு, பன்னிரண்டு நாள். தேவகோட்டைக்காரனுக்குச் சிங்கப்பூரையும் சேர்க்க ஆசை. டேங்க் ரோட்டில் 1859-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அவன் அய்யா, அதாவது தாத்தா, சொல்லிச் சொல்லி வளர்த்தவன். ஆனால் அங்கே விசா வேண்டும், படுக்கைக்கு ஆகும் செலவில் லாவோஸில் மூன்று நாள் இருந்துவிடலாம். அவனே பென்சிலால் அடித்துவிட்டான்.

ஊர் எண்ணிக்கையைக் கூட்டுகிற ஆசை பற்றி இங்கே கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பத்து நாளில் ஏழு நாடு என்று திட்டம் போடுகிறவர்கள் எல்லையின் விலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒவ்வொரு எல்லையிலும் அரை நாள் போகும். பணம் மாற்றும்போது கொஞ்சம் கரையும். புது சிம் கார்டு, புதுப் படிவம், சில இடங்களில் விசாக் கட்டணம். நாங்கள் போனபோது மலேசியாவிலும் தாய்லாந்திலும் நமக்கு விசா தேவைப்படவில்லை, லாவோஸுக்குக் கட்டணம் உண்டு. மலேசியாவுக்கு இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், அது இலவசம். இந்த விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், யாரோ போட்ட வீடியோவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

2025 பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்து தேவகோட்டைக்காரன் பழநி நடையிலிருந்து திரும்பிய பிறகு கிளம்பினோம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. படகில் ஏறிச் சில நிமிடங்களில் ஜார்ஜ் டவுன்.

என் அய்யா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துபவருக்கு உதவியாளாக இருந்தவர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் போய், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பியவர். அந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்கு அவர் நினைவுதான். ஆனால் அன்றைக்கு எங்களை நிற்கவைத்தவன் ஆத்தங்குடி நண்பன். பழைய கடைவீடுகளின் முன்னால், தெருவையொட்டி ஓடும் மூடிய நடைவழியில் பூவேலைப்பாடு போட்ட தரைக் கற்கள் இருக்கும். அவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையால் தடவினான். ஒரு மூலையில் சாயம் தேய்ந்து எவ்வளவு ஆழம் வரை நிறம் இறங்கியிருக்கிறது என்று எங்களுக்குக் காட்டினான். எந்தக் கல் மாற்றிப் பதித்தது, எது பழசு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. அவன் இல்லாமல் வந்திருந்தால் நாங்கள் மூவரும் அந்தத் தரையை மிதித்துவிட்டுப் போயிருப்போம்.

பட்டர்வொர்த்திலிருந்து எல்லை நிலையமான பாடாங் பெசாருக்கு வேக ரயில் வேண்டாம், கொம்யூட்டர் ரயில் போதும். சுமார் இரண்டு மணி நேரம், டிக்கெட் நம் ஊர்க் காசில் சில நூறு ரூபாய். மலேசிய முத்திரையும் தாய்லாந்து முத்திரையும் அந்த ஒரே நிலையத்துக்குள் வாங்கிவிடலாம். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவையுங்கள். இதில் குழம்பி ரயிலுக்கு வெகுநேரம் முன்னால் வந்து காத்துக் கிடந்தவர்களைப் பார்த்தோம்.

சாயங்காலம் கிளம்பும் பாங்காக் ரயிலின் இரண்டாம் வகுப்புப் படுக்கை எங்களுக்குத் தாய்லாந்துப் பணத்தில் ஆயிரம் பாட்டை ஒட்டி ஆனது. மேல் படுக்கை கொஞ்சம் மலிவு, ஆனால் குறுகல், ஜன்னல் இல்லை. படுக்கைகள் நடைவழிக்கு இணையாக நீளவாக்கில் இருக்கும், ஆளுக்கொரு திரை. இருட்டியதும் ஊழியர் வந்து வெள்ளை விரிப்புப் போட்டுக் கொடுக்கிறார். இரவு ரயிலில்தான் பயணச் செலவு உண்மையாகக் குறைகிறது. தூரமும் போகிறது, அறை வாடகையும் மிச்சம். போக வர மூன்று இரவு எங்களுக்கு அப்படிக் கழிந்தது. தாய்லாந்திலும் மலேசியாவிலும் இன்னும் மீட்டர் கேஜ்தான். அகலப்பாதையாக மாறுவதற்கு முன் எங்கள் காரைக்குடி வழியில் ஓடிய ரயிலின் அதே ஆட்டம், அதே சத்தம். சீடைக்காயும் மாவுருண்டையும் வைத்திருந்த டப்பாவைத் திறந்தபோது மானாமதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

பாங்காக்கிலிருந்து வியந்தியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரவு ரயில் ஓடுகிறது. காலையில் எல்லை நிலையமான நோங் காயில் எல்லோரும் இறங்கித் தாய்லாந்து முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினோம். மேகாங் ஆற்றுப் பாலத்தை ரயில் மெதுவாகக் கடந்தது. அதற்கு முந்தைய இரவில்தான், ரயிலில் விளக்கணைத்த பிறகு, கண்டனூர்க்காரன் என் படுக்கைத் திரையை விலக்கிக் கேட்டான். "அந்த ஐம்பத்தஞ்சு யாரோடதுன்னு நினைக்கிற?" ஆத்தங்குடி நண்பனுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. "என்னோடதுடா. வீட்டுக் கடன் இருக்கு. ஆபீஸ்ல பாதிப் பேர அனுப்பிட்டாங்க. ஐரோப்பா நின்னப்ப எனக்கு மூச்சு வந்துச்சு." ஆத்தங்குடிக்காரன் ஆறு மாதம் சேர்த்து 80,000 எழுதியிருந்தான் என்பதும் அப்புறம் தெரிந்தது.

நல்ல சம்பளம், சென்னையில் வீடு என்று பார்த்து ஒருவனிடம் காசு இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கூடப் படித்தவனைப் பற்றியே எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஊகம் வேண்டாம், சீட்டு எழுதச் சொல்லுங்கள் என்கிறேன்.

வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங் வரை 2021 டிசம்பரில் திறந்த சீன ரயில். பழைய மலைப்பாதையில் ஒரு நாள் பிடித்ததை இரண்டு மணி நேரத்தில் சுரங்கம் சுரங்கமாகக் கடந்துவிடுகிறது. நிலையங்கள் இரண்டுமே ஊருக்கு வெளியே, வேன் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பை சோதனை கடுமை. தேவகோட்டைக்காரனின் மூட்டுவலி ஸ்ப்ரேயை அங்கேயே எடுத்துவைத்துவிட்டார்கள். பழநி நடையில் வீங்கிய முழங்கால் அவனுக்கு.

கணக்கு அவன் பொறுப்பு. ஒரு சிட்டை நோட்டு, தினம் ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம், பற்று வரவு எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவான். அலைபேசிச் செயலிகள் இருக்கின்றன, தெரியும். ஆனால் ஒருவன் சத்தமாக வாசிக்கும்போது "நேத்து அந்தச் சாப்பாடு அதிகம்டா" என்று சொல்ல இடம் கிடைக்கிறது. செயலியில் எண் மட்டும் ஏறும். 55,000-இல் ஆளுக்கு மூவாயிரத்தை முதலிலேயே தனியாக எடுத்து மகமை, அதாவது பொதுப்பணம், என்று பேர் போட்டு வைத்திருந்தோம். வியந்தியானில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்தும் குளிர்சாதன அறையும் அதிலிருந்துதான். யாருக்கு யார் கடன் என்ற பேச்சே வரவில்லை.

ஊர் வந்து ஐந்தொகை, அதாவது கடைசிக் கணக்கு, எடுத்ததில் ஆளுக்கு 1,140 ரூபாய் மிச்சம். அதை யாரும் திரும்ப வாங்கவில்லை. அடுத்ததற்கு அதுதான் முதல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். இடையிடையே நிற்கும், மழைக்காலத்தில் ஓடாது. அது ஓடுகிற மாதம் பார்த்து, காரைக்குடியில் ரயிலேறித் திருவாரூர் வழியாக நாகை, கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து ரயிலில் கொழும்பு. தனுஷ்கோடிக்குப் போன போட் மெயிலில் ஏறிப் படகு மாறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1964 புயலில் அந்த வழி போனது. இந்த வழியிலாவது போய்ப் பார்த்துவிட வேண்டும்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் பட்டாலையில் கூடுகிறோம். இந்த முறை ஆத்தங்குடி நண்பனின் அப்பாவும் வருகிறார். சம்படத்தில் அஞ்சு சீட்டு.