மஸ்கெட் அணியில் எல்லாரும் ஒரே கட்டளைக்குத்தான் சுட்டார்களா?

நெப்போலியன் காலத்தில் மஸ்கெட் எனும் பழைய நீளத் துப்பாக்கி ஏந்திய பிரெஞ்சுப் படை அணியில், பட்டாலியன் (பல நூறு வீரர் கொண்ட படைப்பிரிவு) முழுவதும் எப்போதும் ஒரே கட்டளைக்கு ஒன்றாகச் சுட்டது என்றும், ஆகவே நம் விளையாட்டுக் குழுவும் அந்த ஒரு முறையை மட்டும் பழகினால் போதும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அன்புடன் ஒரு திருத்தம்: முழு பட்டாலியனும் சேர்ந்து சுடுவது பல முறைகளில் ஒன்று மட்டுமே.

1791 ஆகஸ்ட் 1 தேதியிட்ட பிரெஞ்சுக் காலாட்படை விதிமுறை பட்டாலியன், அரை பட்டாலியன், பிளட்டூன் (பட்டாலியனின் சிறு பிரிவு) வாரியாகச் சுடுவதையும், அவற்றோடு மூன்று வரிசை அணியில் முன் இரு வரிசையினர் மட்டும் சுடும் இரு வரிசைச் சூட்டையும் தனித்தனியே வகுத்துரைக்கிறது. பிளட்டூன் சூட்டில் இரண்டிரண்டு பிளட்டூன்கள் ஜோடி சேர்ந்து மாறி மாறிச் சுடும். ஒன்று சுட்டு வெடிமருந்து இடும்போது, மற்றது துப்பாக்கி நிரப்பிய நிலையில் காத்திருக்கும். இரு வரிசைச் சூடோ பிளட்டூனின் வலக்கோடியில் தொடங்கி இடப்புறமாகப் பரவும். முதல் குண்டுக்குப் பிறகு வீரர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் தம் வேகத்தில் நிரப்பிச் சுடுவார்கள். மூன்றாம் வரிசையினர் தாம் சுடாமல், நிரப்பிய துப்பாக்கிகளை இரண்டாம் வரிசைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். முரசொலி கேட்டதும் சூடு நிற்கும்.

இப்படிப் பல முறைகள் இருந்ததன் காரணம் எளிது. நன்கு பழகியவரே நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறைதான் சுட முடியும் என்பதால், அனைவரும் ஒன்றாகச் சுட்டால் அடுத்த 20 விநாடிகளுக்கு அணி பயனட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) மட்டுமே நம்பி நிற்க வேண்டும். குதிரைப்படை எதிரே இருக்கையில் அது பேராபத்து.

சரிபார்க்க விரும்புவோர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்த விதிமுறையின் மின்பதிப்பில் பிளட்டூன் பயிற்சி, பட்டாலியன் பயிற்சி ஆகிய பகுதிகளில் சுடுதல் பற்றிய பத்திகளை நேரடியாகப் படிக்கலாம்.