"சமூகம் இன்னும் தயாராகவில்லை" என்பவர்களுக்கு

தன்பாலீர்ப்பாளர்களின் உரிமை பற்றி எங்கே பேச்சு வந்தாலும், கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, ஆனால் சமூகம் இன்னும் தயாராகவில்லை." வெறுப்பைக் கக்குபவர்களோடு மல்லுக்கட்டுவதைவிட இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். யாரையும் அடிக்கவோ விரட்டவோ போகிறவர்கள் இல்லை. கொஞ்சம் பொறுங்கள், காலம் மாறும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள்.

காலம் தானாக மாறி எந்த நாட்டிலும் எதையும் தரவில்லை. அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி அவ்வளவு இறுக்கமாக இருந்த நாடு. அங்கே 1993 வரை ஆண்களுக்கு இடையிலான பாலுறவு குற்றம். டேவிட் நாரிஸ் என்பவர் உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1988-ல் வென்றார். அப்புறம்தான் அந்தச் சட்டத்துக்கு முடிவு வந்தது. 2015-ல் அதே நாட்டு மக்கள் பொது வாக்கெடுப்பில் 62 சதவீத ஆதரவோடு தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டார்கள். இடையில் 22 ஆண்டுகள்தான். 1993-ல் முப்பது வயதில் இருந்தவர் ஐம்பத்திரண்டு வயதில் போய் ஓட்டுப் போட்டிருப்பார்.

பழைய தலைமுறை போய்ப் புதிய தலைமுறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்காவில் காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இதைப் பற்றி முதன்முதலில் கேட்ட 1996-ல், தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றவர்கள் 27 சதவீதம். 2022-ல் 71 சதவீதம். இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் வந்ததற்குத் தலைமுறை மாற்றம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உயிரோடு இருந்தவர்களே மனம் மாறியிருக்கிறார்கள். மாறியது எதனால்? என் மகன், என் தங்கை, பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்த முகங்கள் கண்முன்னால் வந்து நின்றதால்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் இருந்த ஹார்வி மில்க். 1978-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்ட முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் வேலை பார்க்கக் கூடாது, அவர்களுக்கு ஆதரவாகப் பேசும் ஆசிரியர்களையும் நீக்கலாம் என்பது அதன் சாரம். ஆரம்பக் கருத்துக்கணிப்புகளில் அதற்குப் பலத்த ஆதரவு. மில்க் ஊர் ஊராகப் போய்த் தன்பாலீர்ப்பாளர்களிடம் கேட்டது ஒன்றுதான்: உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள், உறவினரிடம் சொல்லுங்கள், நண்பர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் யாருக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும். நவம்பர் 7 அன்று அந்த முன்மொழிவு தோற்றது. அதே மாதம் 27-ஆம் தேதி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சமூகம் தயாராக வேண்டும் என்றால் யாராவது முதலில் சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்கு வேலை போயிருக்கிறது, வீடு போயிருக்கிறது, உயிரே போயிருக்கிறது. நம்மில் பலர் சாவகாசமாக மனம் மாறுவதற்கான விலையை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லும்போது, அந்த விலையை இன்னும் சிலர் கொடுக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்குக்கு, ஓர் ஆணோடு உறவு வைத்திருந்ததற்காக 1952-ல் இங்கிலாந்தில் தண்டனை கிடைத்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசியை ஏற்றுக்கொண்டார். 1954-ல் இறந்துபோனார். இந்தச் சட்டம் தேவையில்லை என்று அரசு அமைத்த குழுவே 1957-ல் அறிக்கை கொடுத்தது. அப்போதும் பொறுங்கள் என்றார்கள். சட்டம் மாற இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. டூரிங்குக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2013-ல். அந்தத் தாமதத்தால் யாருக்கு என்ன நன்மை?

அதே 2013 டிசம்பரில்தான் இந்திய உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது. பாதிக்கப்படுபவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்பது அந்தத் தீர்ப்பில் வந்த ஒரு காரணம். எனக்கு இன்றும் ஆறாத வாதம் இது. வெளியே தெரிந்தால் குற்றவாளி என்று ஒரு சட்டத்தை வைத்துவிட்டு, வெளியே தெரிபவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்றால் எப்படி? 2018-ல் அதே நீதிமன்றம் அதைத் திருத்திக்கொண்டது. திருமண உரிமை கேட்டுப் போனபோது, 2023-ல், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது.

திருமணச் சான்றிதழ் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த இருவர் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் 'நோயாளிக்கு உறவுமுறை' என்று ஒரு கட்டம். மற்றவர் பேனாவை வைத்துக்கொண்டு நிறைய நேரம் நின்றுவிட்டு, 'நண்பர்' என்று எழுதினார். ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போடணும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனுக்குத் தகவல் போய், அவர் வந்து கையெழுத்துப் போட்டார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, முந்தைய பரிசோதனைகளில் என்ன வந்தது என்று மருத்துவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது வராந்தாவில் நின்றிருந்த அந்த 'நண்பர்'. அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. உரிமை என்று நாம் பொதுவாகப் பேசுவது இந்த மாதிரி இடங்களில்தான் வந்து இடிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைக்கும் பெற்றோர்கள் எந்தச் சமூகத்திலும் உண்டு. சரியாகாது. ஒருவர் தனியாக அனுபவித்த வேதனையில் இன்னொருவரையும் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். தன்மேல் ஆசையே வராத ஒருவரோடு வாழ்ந்து, குறை தன்னிடம்தான் என்று நினைத்து நினைத்துக் குமையும் அந்தப் பெண்ணோ ஆணோ செய்த தப்பு என்ன? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்துக்காக இரண்டு உயிர்களை வதைப்பதை எந்தப் பாசத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

கிடைத்தது கையில் நிலைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-லேயே பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவினார். 1933 மே மாதம் நாஜிக்கள் அதைச் சூறையாடி நூலகத்தைக் கொளுத்தினார்கள். உகாண்டா 2023-ல் சில சூழல்களில் மரண தண்டனை வரை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது இன்றும் குற்றம்தான். காலம் தானாக முன்னால் போகும் என்று சும்மா இருக்க முடியாது.

மனம் மாறுவது எப்படி என்று என்னிடம் கேட்டால் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷைத்தான் காட்டுவேன். வீட்டைவிட்டு வெளியேறிய இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை விசாரித்த அவர், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பியதோடு நிற்காமல், தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகே உத்தரவு எழுதினார். சட்டத்தின் உச்சியில் இருக்கும் ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளப் போனது, தீர்ப்பின் அளவுக்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளுக்கு அந்த உத்தரவு தடை சொன்னது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார அமைப்பு 1990-லும் நோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்ட ஒன்றுக்கு ஏது சிகிச்சை? வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படிச் சிகிச்சை கொடுப்பதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே மருத்துவர் யாராவது உங்கள் பிள்ளையை 'மாற்றித் தருகிறேன்' என்றால், அவர்மேல் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க முடியும். தயவுசெய்து கொடுங்கள்.